மூன்று நாள் நல்ல ரத்தம்

கைபேசியில் வாட்ஸ்அப் வந்து ஊரில் எல்லோரும் வைத்தியராகிவிட்ட வருடங்கள் அவை. எங்கள் குவார்ட்டர்ஸ் சமையலறை அலமாரியில் மிளகாய்த்தூள் டப்பாவைத் தேடி எடுப்பதே பெரும்பாடாக இருந்தது. அதற்கு முன்னால் நெல்லிப்பொடி, நாவல்கொட்டைப் பொடி, மாதுளம்பழத் தோல் பொடி, திரிபலா, மஞ்சள், கிராம்பு, பச்சைத் தேயிலை எல்லாம் முந்திக்கொண்டு நின்றன. அத்தனையும் என் மனைவியின் நான்கு பற்களுக்காக. கீழ் வரிசையில், முன்னால் இருக்கும் நான்கு.

அவள் வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள். எங்கள் பிளாக்கில் பாதிப் பெண்களின் அளவு அவளுக்கு மனப்பாடம். நூல் முடியும் இடத்தில் கத்தரிக்கோலைத் தேடமாட்டாள். குனிந்து பல்லால் ஒரு கடி, நூல் அறுந்துவிடும். ஒரு நாள் நான் மதிய ஷிப்டுக்குக் கிளம்புவதற்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் கத்தரிக்கோலை எடுத்து நூலை வெட்டினாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அதை நான் பார்த்ததே இல்லை.

"என்ன புதுசா இருக்கு?" என்றேன்.

"பல்லு ஆடுதுங்க," என்றாள். "ரெண்டு மாசமா ரத்தமும் வந்துகினுதான் இருக்குது."

எனக்குக் கவலை வந்தால் முதலில் கோபமாகத்தான் வெளியே வரும். இரண்டு மாதமாக ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். பிறகுதான் ஒவ்வொன்றாகக் கவனித்தேன். அளவு கொடுக்க வரும் பெண்களிடம் முந்தானையை வாய்மேல் வைத்துக்கொண்டுதான் பேசினாள். வாயிலிருந்து வாசம் வருகிறது என்பது அவளுக்கே தெரிந்திருந்தது. கொஞ்ச நாளில் அளவெடுப்பதையே விட்டுவிட்டாள். பழைய ரவிக்கை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போங்க, அதைப் பார்த்துத் தைக்கிறேன் என்று வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிடுவாள். உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஊர்க்கதை பேசாமல் எங்கள் வீட்டிலிருந்து யாரும் ரவிக்கை வாங்கிப் போனதில்லை. இப்போது வீடு சத்தமில்லாமல் கிடந்தது. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

சர்க்கரை அவளுக்கு ஆறு வருடமாக உண்டு. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள். பல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அந்த அம்மா வாயைத் திறந்து பார்த்ததும் பல்லைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "சுகர் இருக்காம்மா?" என்றுதான் கேட்டார். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு வீங்கி, பல்லை விட்டு இறங்கிவிடுமாம். சரி என்று சர்க்கரை டாக்டரிடம் போனோம். அவர் என்ன சொன்னார் தெரியுமா? ஈறில் இப்படிச் சீழ் பிடித்துக் கிடந்தால் சர்க்கரை எப்படி இறங்கும், முதலில் பல்லைப் பாருங்கள் என்றார்.

பல் டாக்டர் சர்க்கரையைக் கை காட்டுகிறார், சர்க்கரை டாக்டர் பல்லைக் கை காட்டுகிறார். கோழி முந்தியா, முட்டை முந்தியா என்று நான் நடுவில் நின்றேன். இரண்டு பேர் சொல்வதுமே சரிதான், ஒன்று மற்றதைக் கெடுக்கும் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. யாரோ ஒருவர் பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறார் என்று மட்டும் நினைத்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வெறும் வயிற்றில் ரத்தம் பார்த்து ரிப்போர்ட்டோடு வாருங்கள், அதைப் பார்த்துக்கொண்டே ஈறைச் சுத்தம் செய்யலாம் என்றார் பல் டாக்டர்.

இதற்குள் செய்தி பிளாக் முழுக்கப் பரவிவிட்டது. எங்கள் டவுன்ஷிப்பில் ஒரு தெருவில் பத்து வீடு இருந்தால் பத்தும் வேறு வேறு மாவட்டம். தடி எடுத்தவன் எல்லாம் தண்டல்காரன். ஒரு வீட்டில் ஆலங்குச்சி, அடுத்த வீட்டில் வேலங்குச்சி. ஒருவர் கொய்யா இலையை மென்று துப்பச் சொன்னார். இன்னொருவர் துப்பாமல் விழுங்கச் சொன்னார். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று சொல்லிவைத்தவர்கள் எத்தனை நாளைக்கு, எந்த அளவுக்கு என்றும் சொல்லியிருக்கலாம்.

இவர்களுக்கு நடுவில் எனக்கு நம்பிக்கை வந்தது பக்கத்து வீட்டு வாத்தியார்மேல்தான். பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துபவர், திருநெல்வேலிப் பக்கம். ஒரு நாள் மாலை காம்பவுண்டுச் சுவர் ஓரமாக நின்று எனக்குப் பாடம் எடுத்தார்.

"அண்ணே, உங்க யார்டுல கரி குமிச்சு வச்சா தானாப் புகையுதுல்லா? யாரு தீ வச்சா?"

"யாரும் வைக்கல சார். காத்து பட்டாலே உள்ள சூடேறிக்கும்."

"அதான் ஆக்சிடேஷன். சுகர்காரங்க ஒடம்புலயும் அதே மாதிரிதான் உள்ளுக்குள்ள ஒண்ணு புகைஞ்சிக்கிட்டே இருக்கும். ஈறு அதுல வெந்து போவுது. அதத் தணிக்கிற சரக்குக்குப் பேருதான் ஆன்டி ஆக்சிடன்ட். நெல்லிக்காய், மஞ்சள், மாதுளை, பச்சைத் தேயிலை, எல்லாத்துலயும் இருக்கு."

எனக்கு வேலை பழுப்பு நிலக்கரி கொட்டிவைக்கும் யார்டில். கரிக்குவியலில் எங்கே புகைகிறது என்று பார்ப்பதும், தண்ணீர் அடிப்பதும், சூடு பிடித்த கரியை முதலில் பெல்ட்டில் ஏற்றி மின்நிலையத்துக்கு அனுப்பச் சொல்வதும்தான் என் பிழைப்பு. அதனால் வாத்தியார் சொன்னது பளிச்சென்று பிடித்துவிட்டது. இரண்டு டாக்டர்கள் சொல்லிப் புரியாதது ஒரு சுவரோரத்தில் புரிந்துவிட்டது என்று பெருமையாகக்கூட இருந்தது. வாத்தியார் சொன்னதில் தப்பில்லை. நான் கேட்டுக்கொண்டதில்தான் கோளாறு. தணிக்கிற சரக்கு எது என்று காதில் வாங்கிக்கொண்டேன். அது எவ்வளவு தணிக்கும் என்று கேட்கவில்லை.

மறுநாளே விருத்தாசலம் போய் நாட்டுமருந்துக் கடையில் பை நிறைய வாங்கி வந்தேன். காலையில் நெல்லிப்பொடி வெந்நீரில், பத்து மணிக்குப் பச்சைத் தேயிலைத் தண்ணீர், சாப்பாட்டுக்குப் பின் திரிபலாவில் கொப்பளிப்பு, சாயங்காலம் மஞ்சளும் கிராம்புத்தூளும் குழைத்து ஈறில் பூச்சு. அவள் முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் செய்தாள். மஞ்சள் பூசிய வாயோடு தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பாள். ரத்தம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. மறுநாள் கூடிய மாதிரி இருந்தது. எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று கண்டுபிடிக்க ஒன்றை நிறுத்திப் பார்க்கலாம் என்றால் எதை நிறுத்த? நிறுத்தியதுதான் கேட்டுக்கொண்டிருந்த மருந்து என்று ஆகிவிட்டால்? பயத்தில் ஒன்றையும் நிறுத்தவில்லை, இன்னும் இரண்டைச் சேர்த்தேன்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். இது வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று விளங்காது.

சுரங்கத்திலும் யார்டிலும் வேலை செய்யும் எங்களுக்கு அவ்வப்போது உடம்புப் பரிசோதனை உண்டு. பீரியாடிக் மெடிக்கல் என்போம். அதில் சர்க்கரையோ பிரஷரோ எகிறி நின்றால் மெஷினை விட்டு, ஷிப்டை விட்டு, லைட் டியூட்டி என்று ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்களோ என்று எங்களுக்கெல்லாம் ஒரு பயம். அதனால் மெடிக்கலுக்கு மூன்று நாள் முன்பே நாங்கள் தயாராகிவிடுவோம். அரிசிச் சோறு கிடையாது, பாகற்காய்ச் சாறு, வெந்தயத் தண்ணீர், சாயங்காலம் ஸ்டேடியத்தைச் சுற்றிப் பத்து ரவுண்டு. எங்கள் செக்‌ஷனில் இதற்குப் 'பரீட்சைக்குப் படிப்பது' என்று பேர். மெடிக்கல் முடிந்த அன்று சாயங்காலம் புரோட்டாக் கடையில் பாஸான அத்தனை பேரையும் பார்க்கலாம். எனக்குச் சர்க்கரை எல்லையில்தான் நின்றது. நானும் இரண்டு தடவை படித்துப் பாஸானவன்தான்.

அவளுக்கு ரத்தப் பரிசோதனை என்றதும் என் கை தானாக அந்த வேலையைச் செய்தது. மூன்று நாள் முன்னால் சோற்றுப் பானையை இறக்கிவைத்தேன். பாகற்காய்ச் சாறு பிழிந்து கொடுத்தேன். யாருடைய வேலை போய்விடப் போகிறது? யார் அவளை எந்த மெஷினிலிருந்து இறக்கப் போகிறார்கள்? ஒரு நொடி நின்று யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. பரிசோதனை என்றால் பாஸாக வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலை ரத்தம் கொடுக்கும் வரிசையில் அவளுக்குக் கை நடுங்கியது. நெற்றியெல்லாம் வியர்வை. "கண்ண இருட்டிகினு வருதுங்க," என்றாள். இன்னும் நாலு பேர்தான், பொறுத்துக்கொள் என்றேன். ரத்தம் எடுத்து முடித்ததும் கேன்டீனுக்குக் கூட்டிப் போய்ச் சர்க்கரை போட்ட டீயும் இரண்டு வடையும் வாங்கிக் கொடுத்தேன். சர்க்கரை போட்ட டீ! அந்த மூளைக்கு என்ன பேர் வைப்பது?

ரிப்போர்ட் அருமையாக வந்தது. ஆறு வருடத்தில் அப்படி ஒரு எண் வந்ததில்லை. லேப் ஜன்னலில் அதை வாங்கியதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பஸ்ஸில் வரும்போது அவளிடம் அதை மூன்று முறை படித்துக் காட்டினேன். வாத்தியாரிடம் காட்டினேன். நெல்லிப்பொடி வேலை செய்கிறது சார் என்று நானே அவருக்குச் சொன்னேன். பாகற்காயையும் பட்டினியையும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. அதைக் கணக்கில் வைக்கவே எனக்குத் தோன்றவில்லை.

சர்க்கரை டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு இதே மாத்திரையைத் தொடருங்கள் என்றார். பல் டாக்டர் ஈறுக்கு அடியில் சுத்தம் செய்ய ஆரம்பித்தார். முதல் நாள் அவர் எடுத்துக் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஈறுக்குள்ளிருந்து பழுப்பாக, கல்லாக, கெட்டியாக ஒன்று. "நீங்க மேல என்ன பூசினாலும் இது உள்ள உக்காந்திருக்கும்," என்றார். எனக்குச் சுருக்கென்றது. யார்டில் புதிதாக வருகிறவனுக்கு நாங்கள் முதலில் சொல்லிக் கொடுப்பதே அதுதான். குவியலின் மேல் தண்ணீர் அடித்தால் மேலேதான் ஈரமாகும். உள்ளே புகைகிற கரியைத் தோண்டிப் பரப்பாமல் தீ அடங்காது. அது எனக்கு அத்துப்படி. வாய்க்கு மட்டும் மாதக்கணக்கில் மேலே தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன்.

நெல்லி, மஞ்சள் இதெல்லாம் வேண்டாமா என்று கேட்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "துணைக்கு நல்லதுதான், அதப் பத்தி ஆராய்ச்சியெல்லாம் நடக்குது. ஆனா சுத்தம் பண்றதுக்குப் பதிலாவோ சுகர் மாத்திரைக்குப் பதிலாவோ அது ஆகாது," என்றார். நல்லது, ஆனால் ஆகாது. இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அலமாரி அப்படியே இருந்தது.

சுத்தம் செய்த பிறகு ஈறு இறுகியிருக்க வேண்டும். இறுகவில்லை. மூன்று மாதம் கழித்து அடுத்த ரத்தப் பரிசோதனை. மறுபடி மூன்று நாள் பாகற்காய், மறுபடி அருமையான எண். ஈறோ மறுபடி வீங்கிச் சீழ் வைத்தது. நான்கில் இரண்டு பற்கள் நாக்கு பட்டாலே அசைந்தன. அவள் இட்லியைக்கூடக் கரைத்துக் குடித்தாள். யாராவது கதவைத் தட்டினால் என்னைப் போகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். ரிப்போர்ட் நன்றாக இருக்க இருக்க வாய் கெட்டுக்கொண்டே போனது. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

பல் டாக்டருக்கும் குழப்பம். ரிப்போர்ட்டை ஒரு கையிலும் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் கண்ணாடியை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்த்தார். "பேப்பர் நல்லா இருக்கு, வாய் நல்லா இல்ல. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது," என்றார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மூன்று மாதச் சராசரி பார்க்கும் பரிசோதனை ஒன்று எழுதிக் கொடுத்தார். ரத்தத்தில் மூன்று மாதமாகச் சர்க்கரை எப்படி இருந்தது என்று அது சொல்லிவிடுமாம். அதற்கும் நான் மூன்று நாள் பாகற்காய்ச் சாறு கொடுத்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும்.

எண் பயங்கரமாக வந்தது. லேப்பில் பேர் மாறிவிட்டது என்று சண்டை போடப் போனேன். அங்கிருந்தவர் பொறுமையாகச் சரிபார்த்துவிட்டு, மாறவில்லை சார் என்றார். அதே கோபத்தோடு பல் டாக்டர் அறைக்குள் போனேன். இந்த டெஸ்டே தப்பு, இதற்கு முன் இரண்டு தடவை நன்றாக வந்திருக்கிறது என்று பேசிக்கொண்டே இருந்தேன். டாக்டர் என்னைப் பார்க்காமல் என் மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

"ரத்தம் குடுக்கிறதுக்கு முன்னாடி என்னம்மா சாப்பிடுவீங்க?"

"மூணு நாளைக்கு ஒண்ணும் சாப்பிட மாட்டேங்க. பாவக்கா சாறு குடிப்பேன். இவுரு மெடிக்கலுக்குப் போவறப்ப செய்யறாப்பலதான்."

அந்த அறையில்தான் எனக்கு விளங்கியது. மூன்று நாளைக்கு மட்டும் நல்ல ரத்தம் தயாரித்து, மற்ற எண்பத்தேழு நாளைப் பற்றி டாக்டருக்குப் பொய் சொல்லியிருக்கிறேன். அந்தப் பொய்யை நம்பி மாத்திரையைக் கூட்டாமல் விட்டிருக்கிறார்கள். பல் ஆடியது அந்த எண்பத்தேழு நாளில்.

டாக்டர் கோபப்படவில்லை. "மயக்கம் வந்திருக்குமேம்மா. வேணான்னு சொல்லக் கூடாதா?" என்று கேட்டார்.

அவள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். "வந்துச்சுங்க. எனக்கே மனசுல ஒப்பல, இது சரியில்லையேன்னு. ஆனா முதல் தடவ அந்தப் பேப்பர பாத்துட்டு இவுரு சிரிச்சாரு பாருங்க. பல்லு ஆட ஆரம்பிச்சதுலேர்ந்து வூட்டுல இவுரு சிரிச்சே நான் பாக்கல. எப்பப் பாத்தாலும் கோவம்தான். அந்தச் சிரிப்புக்குத்தாங்க பட்டினி கெடந்தேன்."

எனக்கு அந்த இடத்தைவிட்டு எழுந்து ஓட வேண்டும்போல் இருந்தது. ஓடவில்லை. வெட்கமாக இருந்தது, அவ்வளவு வெட்கம் அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதில்லை.

மாத்திரையைக் கூட்டினார்கள். சர்க்கரை கொஞ்சம் அடங்கிய பிறகு ஆடிய இரண்டு பற்களையும் எடுத்தார்கள். மற்ற இரண்டும் நிற்குமா என்று கேட்டதற்கு, அடுத்த மூன்று மாதச் சராசரி இறங்கினால் நிற்கலாம், இறங்காவிட்டால் சொல்ல முடியாது என்றார் பல் டாக்டர். அந்த மூன்று மாதமும் அவள் அளவான சோறு சாப்பிட்டாள், நேரத்துக்கு மாத்திரை போட்டாள், காலையில் நெல்லிப்பொடியும் குடித்தாள். நெல்லியை அவளே விடவில்லை, பிடித்துப்போய்விட்டது என்றாள். அதனால் என்ன பயன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பரிசோதனைக்கு முந்தின நாள் சாம்பார் சாதமும் கத்தரிக்காய் வதக்கலும் நானே பரிமாறினேன்.

லேப் ஜன்னலில் காகிதத்தை வாங்கிக்கொண்டு திரும்பினேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். காகிதத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். எண் இறங்கியிருந்தது, ஆனால் டாக்டர் கேட்ட இடத்துக்கு இறங்கவில்லை. சிரித்தால் அவள் அதை நம்பிவிடுவாள். சிரிக்காவிட்டால் நாளையிலிருந்து மறுபடி பட்டினி கிடப்பாள். எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நடுவழியில் நின்றேன். பின்னால் வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"என்னங்க?" என்றாள்.

"கொறைஞ்சிருக்கு," என்றேன். "பத்தாது."

அவள் இன்னும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.